இறுகிய சுக்கான்: கோளாறு கம்பியிலா, பாயிலா, புஷ்ஷிலா?

பழைய பாய்மரப் படகு வைத்திருப்பவர்களிடம் போய், என் படகின் சுக்கான் சக்கரம் கனமாகச் சுற்றுகிறது என்று சொல்லிப் பாருங்கள். ஆளுக்கொரு வைத்தியம் கிடைக்கும். கிரீஸ் போடு என்பார் ஒருவர். கம்பியைச் சரிசெய் என்பார் இன்னொருவர். உனக்குப் பாயைச் சுருக்கத் தெரியவில்லை, படகின்மேல் பழி போடாதே என்பார் கடலில் கொஞ்சம் கூடுதலாகத் திரிந்தவர். இவர்கள் எல்லாரையும்விட ஆபத்தானவர், பழைய படகென்றால் அப்படித்தான் இருக்கும் என்று தோளில் தட்டிவிட்டுப் போகிறவர். முதல் மூன்று பேரிடமும் ஓரளவு உண்மை இருக்கிறது. நான்காமவரிடம் எதுவுமே இல்லை.

1970களிலும் 80களிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கண்ணாடியிழைப் படகுகள் ஆயிரக்கணக்கில் வார்க்கப்பட்டன. கலிபோர்னியாவில் பிறந்த காட்டலினா 30 என்ற ஒரே மாதிரியில் மட்டும் 6000க்கும் மேற்பட்ட படகுகள் கட்டப்பட்டன. மரம்போலக் கண்ணாடியிழை உளுத்துப்போவதில்லை. அதனால் நாற்பது, ஐம்பது வயதான கூடுகள் இன்றும் கடலில் ஓடுகின்றன. கூடு பிழைத்துக்கொண்டது. உள்ளே இருக்கும் கப்பிகள், கம்பிகள், புஷ்கள் அத்தனை காலம் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. சுக்கான் இறுகுவது பெரும்பாலும் இந்த வயது வித்தியாசத்தின் விளைவு.

அமைப்பு எளிமையானது. சக்கரத்தின் அச்சில் ஒரு பற்சக்கரம், அதன்மேல் ஒரு செயின். செயினின் இரு முனைகளிலும் ஸ்டெயின்லெஸ் கம்பி வடங்கள். அவை சக்கரத்தைத் தாங்கும் தூணுக்குள் இறங்கி, தளத்துக்கு அடியில் கப்பிகளில் திரும்பி, படகின் பின்பகுதியில் இருக்கும் குவாட்ரண்ட் என்ற கால்வட்டச் சட்டத்தைப் பற்றியிருக்கும். குவாட்ரண்ட் சுக்கான் தண்டின்மேல் இறுக்கப்பட்டிருக்கும். தண்டு படகின் அடியைத் துளைத்துக்கொண்டு இறங்கி, நீருக்குள் இருக்கும் சுக்கான் பலகையைத் திருப்பும். தண்டைத் தாங்க மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பேரிங்குகள். அமெரிக்கப் படகுகள் பலவற்றில் இந்தத் தூணும் சக்கரமும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டில் இருக்கும் எட்சன் நிறுவனத்துடையவை. 1859இல் தொடங்கிய நிறுவனம் அது. இந்த வரிசையில் எந்த இடத்தில் உராய்வு ஏறினாலும் கைக்குத் தெரிவது ஒன்றுதான், சக்கரம் கனக்கிறது. கையை மட்டும் நம்பி நோயைச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுவே.

ஆகவே கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு சோதனை. நல்ல காற்றில் ஓடும்போது சக்கரம் கனத்தால், ஒரு நொடி கையைத் தளர்த்துங்கள். சக்கரம் தானாகத் திரும்பி, படகு காற்றை நோக்கி அணியத்தைத் திருப்பினால், உங்கள் கை தாங்கிக்கொண்டிருந்தது நீரின் விசையை. விட்ட இடத்திலேயே சக்கரம் அசையாமல் நின்றால் அது உராய்வு. இரண்டும் கைக்கு ஒரே கனமாகத்தான் தெரியும், ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு. இவ்வளவு எளிய சோதனையைச் செய்யாமலே பேரிங் மாற்றுகிறவர்களும் உண்டு, புதுப் பாய் தைக்கக் கொடுப்பவர்களும் உண்டு.

பாயைக் குறை சொல்லும் கட்சியை முதலில் எடைபோட்டுவிடலாம். பல நேரம் அவர்கள் சொல்வது சரி. பெரும்பாய் பழசாகித் துணி இழுபட்டால் அதன் வயிறு பின்னோக்கி நகர்கிறது. காற்றின் விசைமையமும் கூடவே பின்னால் போகிறது. பாய்மரம் தேவைக்கு மேல் பின்சாய்ந்திருந்தாலும், படகு அதிகமாக ஒரு பக்கம் சரிந்து ஓடினாலும் இதே கதிதான். படகு ஓயாமல் காற்றுமுகம் திரும்பத் துடிக்கும். அதைத் தடுக்கச் சுக்கானை 3 முதல் 5 பாகை வரை சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தால் அது நல்ல படகின் இயல்பு. 10 பாகைக்கு மேல் போனால் சுக்கான் தடைக்கட்டையாகிவிடும். அப்போது ஒரு மடிப்புப் பாயைச் சுருக்கினால் கனம் குறைந்து வேகமும் கூடும். இதற்குச் செலவே கிடையாது.

ஆனால் இந்தக் கட்சியின் வாதம் துறையில் வந்து முறிந்துவிடுகிறது. பாய் இறக்கி, படகைக் கட்டிப்போட்ட நிலையிலும் சக்கரம் கனத்தால் பாயைப் பற்றிப் பேச இடமேயில்லை. இவர்கள் காணத் தவறும் இடைநிலை ஒன்றும் இருக்கிறது. துறையில் லேசாகத் திரும்பும் சக்கரம், பாயில் ஓடும்போது கனக்கிறது, கையை விட்டாலும் நின்ற இடத்தில் நிற்கிறது. பக்கவிசையில் தண்டு சற்றே வளைகிறது. பேரிங்காக அசையாமல் பதிக்கப்பட்ட, புஷ் என்ற நேர் வளையத்தின் இரு ஓரங்களிலும் அது கடித்துக்கொள்கிறது. மேல் பேரிங்கும் கீழ்ப் பேரிங்கும் ஒரே நேர்கோட்டில் இல்லாத படகுகளில் இந்தக் கடி இன்னும் கடுமை. இப்படிப்பட்ட படகில் பாயைச் சுருக்கினால் பாரம் குறைவதால் கடியும் குறையும். பாய்தான் காரணம் என்று உரியவர் நம்பிவிடுவார், நோய் உள்ளேயே வளரும்.

இரண்டாவது சோதனை அமைப்பை இரண்டாகப் பிரிப்பது. குவாட்ரண்டிலிருந்து கம்பி வடங்களைக் கழற்றுங்கள். தானியங்கிச் சுக்கான் கருவி இருந்தால் அதன் கையையும் கழற்றிவிடுங்கள், பழுதான ஹைட்ராலிக் தண்டு ஒன்றே போதும், முழு அமைப்பையும் இறுக்கிப் பிடிக்க. இப்போது சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். அடுத்து, அவசரக் கைப்பிடியைச் சுக்கான் தண்டின் தலையில் மாட்டித் திருப்பிப் பாருங்கள். எந்தப் பாதி கனக்கிறதோ அதில்தான் கோளாறு. ஒரு எச்சரிக்கை மட்டும்: கம்பியைத்தான் கழற்றச் சொல்கிறேன். தண்டைத் தாங்கிப் பிடிக்கும் வளையத்தையோ குவாட்ரண்டின் போல்ட்டுகளையோ படகு நீரில் இருக்கும்போது தளர்த்தக் கூடாது. சில படகுகளில் சுக்கான் அதை நம்பித்தான் தொங்குகிறது. அது நழுவினால் சுக்கானும் போகும், அடியில் திறந்த துளை வழியே தண்ணீரும் வரும். வெளிநாட்டுப் படகுத்துறைகளில் எத்தனையோ படகுகளில் அவசரக் கைப்பிடி உறைபிரிக்காமல் பெட்டியடியில் கிடக்கிறது. அது தண்டில் பொருந்துகிறதா என்பதும் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும்.

மேல்பாதி கனத்தால் பெரிய கவலையில்லை. சக்கர அச்சின் பிரேக் முழுதாக விடுபடாமல் உரசலாம். அச்சின் நீடில் பேரிங்கில் உப்பு படிந்திருக்கலாம். கப்பியின் ஊசி உறைந்து, கப்பி சுழலாமல் கம்பி அதன்மேல் அறுத்துக்கொண்டு போகலாம். கப்பிக்கு அடியில் வெண்கலத் தூளோ கருப்புப் பொடியோ கிடந்தால், கம்பி வரும் கோட்டோடு கப்பி பொருந்தவில்லை என்று பொருள். வடத்தில் மெல்லிய காகிதத்தைச் சுற்றி மெதுவாக இழுத்துப் பாருங்கள். காகிதம் கிழிந்தால் இழை அறுந்திருக்கிறது. அந்த வடத்தை அன்றே மாற்ற வேண்டும். இந்த வடம் ஏழு புரியும், புரிக்கு 19 இழையுமாக நெய்தது. மெல்லிய இழைகள் என்பதால் நன்றாக வளையும், அதனாலேயே ஒவ்வொன்றாக அறுந்து ஓசையின்றிச் சாகும்.

கம்பியைச் சரிசெய் என்ற கட்சி தடுமாறுவது இங்கேதான். சரிசெய்வது என்றாலே இறுக்குவது என்று நினைத்துவிடுகிறார்கள். கம்பியை வீணைத் தந்தியாக முறுக்கினால் ஒவ்வொரு கப்பியின் ஊசிமேலும் பாரம் ஏறும், உராய்வு கூடும், சக்கரம் முன்பைவிடக் கனக்கும். சரியான அளவுக்கு ஒரு சோதனை உண்டு. சக்கரத்தை அசையாமல் கட்டிவிட்டுக் குவாட்ரண்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். தொய்வு தெரியாத அளவே போதும். அதற்குமேல் ஒரு திருகு கூட வேண்டாம்.

இனி கிரீஸ் கட்சி. இவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், வாதத்தில் மிகவும் பலவீனமானவர்கள். செயினுக்கும் கம்பிக்கும் 30 எண் மோட்டார் எண்ணெயை லேசாகத் தடவுவது நல்ல பராமரிப்பு. இரண்டு பேரிங்குகளும் வெண்கலத்தாலானவை, கிரீஸ் செலுத்தத் துவாரமும் இருக்கிறது என்றால் கிரீஸ் போடுவது கடமையே. ஆனால் 70களின் படகுகள் பலவற்றில் கீழ்ப் பேரிங் நைலான் புஷ். அதற்குக் கிரீஸ் செலுத்த வழியும் கிடையாது, செலுத்தினாலும் பயன் கிடையாது. இடைவெளி இல்லாத இடத்தில் மசகு எங்கே போய் நிற்கும்? மேலிருந்து பீய்ச்சிய எண்ணெய் இரண்டு நாள் இளக்கம் தரும், உப்பையும் மணலையும் பிடித்து வைத்துக்கொள்ளும், மூன்றாம் வாரம் பழைய கனமே திரும்பும். கிரீஸால் குணமானது என்று சொல்லப்படும் படகுகளில் பெரும்பாலும் கோளாறு மேல்பாதியில் இருந்திருக்கும்.

கீழ்ப் பேரிங்கை நான் முதல் சந்தேகத்தில் வைப்பதற்கு நெம்புகோல் கணக்கே சாட்சி. முன்னால் தாங்கு எதுவும் இல்லாமல் தொங்கும் சுக்கானை எடுத்துக்கொள்வோம். நீரின் விசை கீழ்ப் பேரிங்குக்கு 60 சென்டிமீட்டர் கீழே விழுகிறது, இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே 60 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். பலகையின்மேல் 200 கிலோ பக்கவிசை வந்தால், மேல் பேரிங் தாங்குவது 200 கிலோ, கீழ்ப் பேரிங் தாங்குவது 400. மொத்தம் 600 கிலோ பாரம், 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள தண்டு, உராய்வு எண் 0.2. இவை சேர்ந்து தண்டில் தரும் எதிர்ப்பு 3 கிலோ-மீட்டர்தான். குவாட்ரண்டின் ஆரம் 20 சென்டிமீட்டர், பற்சக்கரத்தின் ஆரம் 4, சக்கரத்தின் ஆரம் 40 என்றால், விளிம்பில் கைக்கு வருவது ஒன்றரைக் கிலோ. பேரிங் நலமாக இருந்தால் 200 கிலோ விசையிலும் உராய்வு அவ்வளவுதான். அதே படகில், துறையில் கட்டிய நிலையில், விளிம்பில் 10 கிலோ கொடுத்தால்தான் அசைகிறது என்றால், கணக்கைத் திருப்பிப் போடுங்கள். கம்பியில் 100 கிலோ இழுவிசை, தண்டில் 20 கிலோ-மீட்டர் எதிர்ப்பு. நீரின் விசை ஏதும் இல்லாமலே இவ்வளவு எதிர்ப்பு வருகிறதென்றால் புஷ் தண்டை நெரிக்கிறது.

ஏன் நெரிக்கிறது? நைலான் தண்ணீர் குடிக்கும் பொருள். நீரில் முழுகிக் கிடக்கும் சாதாரண நைலான் தன் எடையில் 8, 9 சதவீதம்வரை நீரை உறிஞ்சும். அதற்கேற்ப நீள அகலங்களில் 2 சதவீதமோ அதற்கு மேலோ பருக்கும். சுதந்திரமாகக் கிடக்கும் நைலான் வளையம் ஊறினால் வெளிவிட்டமும் கூடும், உள்துளையும் பெருக்கும், யாருக்கும் தொல்லையில்லை. படகில் அந்த வளையத்தைக் கண்ணாடியிழைக் குழாய் சுற்றிப் பிடித்திருக்கிறது. வெளியே விரிய வழியில்லாமல் நைலான் உள்நோக்கித் தள்ளுகிறது. தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே விட்டிருந்த அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி விழுங்கப்படுகிறது. படகை நீரில் இறக்கியபோது லேசாக இருந்த சக்கரம் சில வாரங்களில் மெல்ல மெல்லக் கனத்தால், இந்தக் காரணத்தை முதலில் பாருங்கள்.

இதற்குச் சில ஒப்புக்கொள்ளத்தக்க போட்டியாளர்களும் உண்டு. ஐரோப்பியப் படகுகள் பலவற்றில் தண்டு அலுமினியம். அது அரித்தால் வரும் வெள்ளைப் பொடி, தான் பிறந்த உலோகத்தைவிட அதிக இடம் பிடித்துப் பேரிங்கை அடைத்துவிடும். நீண்ட நாள் அசையாமல் கிடந்த படகில், சுக்கானின் மேல்விளிம்புக்கும் படகின் அடிக்கும் நடுவே கொட்டலசும் சிப்பியும் வளர்ந்திருக்கும். முக்குளித்துச் சுரண்டினாலே பாதி கனம் போய்விடும். தண்டைச் சுற்றிப் பேக்கிங் கிளாண்ட் இருக்கும் படகில், சொட்டும் நீரைக் கண்டு பயந்து நட்டை முறுக்கியவரின் கைவேலையும் காரணமாகலாம். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் இறுகி, அதைத் தாண்டினால் இளகினால், தண்டு வளைந்திருக்கிறது. எப்போதோ தரைதட்டிய படகு அது. வளைந்த தண்டுக்குப் புஷ் மாற்றுவது பணத்தைக் கடலில் எறிவது.

நோய் புஷ்ஷில்தான் என்று உறுதியானால், அடுத்த கேள்வி எந்தச் சிகிச்சை என்பது. மலிவானது, இருக்கும் நைலானைக் குடைந்து அகலப்படுத்துவது. படகைக் கரையேற்றி, சுக்கானை இறக்கி, எமரித்தாளோ ரீமரோ கொண்டு துளையைப் பெரிதாக்குவார்கள். வேலை செய்யும் வழிதான். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. கரையில் சில மாதம் காய்ந்த நைலான் சுருங்கிவிடும். காய்ந்த நிலையில் அளந்து, தண்டு அழகாகச் சுழல்கிறது என்று திருப்திப்பட்டு நீரில் இறக்கினால், இரண்டு மாதத்தில் மறுபடி இறுகும். கரையேற்றிய உடனே, ஊறிய நிலையில் அளக்க வேண்டும். முடியாவிட்டால் ஊறலுக்கென்று கூடுதல் இடம் விட்டுக் குடைய வேண்டும். இந்த ஒரு விவரத்தைத் தவறவிட்டவர்களே குடைந்தும் பயனில்லை என்று சொல்லித் திரிகிறார்கள்.

எதிர் முனையில் இருப்பது, தானே நேர்ப்படுத்திக்கொள்ளும் உருளை பேரிங். தண்டு வளைந்தாலும் அதன் உட்பந்து கூடவே சாய்ந்து கொடுக்கும், உராய்வு மிகக் குறைவு. பெரிய பந்தயப் படகுகளுக்கு அது பொருந்தும். 30 அடிப் பழைய படகுக்கு அதைப் பொருத்த வேண்டுமானால் கண்ணாடியிழைக் குழாயை அறுத்து, புதுக் கூட்டை ஒட்டி, இரண்டு பேரிங்குகளையும் கோடு பிடிக்க வேண்டும். படகின் விலைக்கும் இந்தச் செலவுக்கும் பொருத்தமே இருக்காது. வெண்கலம் உறுதியானது, எஃகுத் தண்டோடு பல்லாண்டு உழைக்கும். அலுமினியத் தண்டோடு சேர்த்தால் உப்புநீரில் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

நடுவில் நிற்பது அசிட்டால். டெல்ரின் என்ற வணிகப் பெயரில் பலரும் அறிந்த அதே பிளாஸ்டிக். நீரில் முழுக ஊறினாலும் எடையில் 1 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. லேத்தில் துல்லியமாகக் கடையலாம். உலோகத் தண்டோடு மின்வேதி அரிப்புக்கு இடமில்லை. படகின் பழைய புஷ்ஷை மாதிரியாகக் கொடுத்தால் எந்தச் சின்னப் பட்டறையும் கடைந்து கொடுத்துவிடும். மிகை அடர்த்திப் பாலியெத்திலின் நீரே குடிக்காது, அந்த வகையில் அசிட்டாலையும் மிஞ்சும். ஆனால் மென்மையானது, வெப்பத்தில் அதிகம் விரியும், அளவு பிடித்துக் கடைவது கடினம். கீழ்ப் பேரிங் தாங்கும் பாரத்தை நினைத்தால் அசிட்டாலையே நான் தேர்வேன்.

இடைவெளி எவ்வளவு என்பதில் கைவினைஞர்களுக்குள் சண்டை உண்டு. சிலர் ஆட்டமே இருக்கக் கூடாது என்பார்கள். நான் மறுபக்கம். கொஞ்சம் ஆட்டம் இருந்தால் அலையில் சுக்கான் தட்டும், சத்தம் வரும், பல ஆண்டுகளில் துளை நீள்வட்டமாகும். அது கேட்கக்கூடிய, கவனிக்கக்கூடிய நோய். இறுக்கமோ கம்பியையும் கப்பியையும் தானியங்கிக் கருவியையும் ஓசையில்லாமல் தின்கிறது. தானியங்கிக் கருவியின் மோட்டார் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கூடுதல் மின்சாரம் இழுத்து, பாட்டரி இறங்கிய நள்ளிரவில் கைவிடும். மாலுமி அடுத்த அலையை அறிவது கையில் வரும் அதிர்வால். இறுகிய சக்கரம் அந்த அதிர்வையும் விழுங்கிவிடுகிறது.

பெரிய சக்கரம் மாட்டுவது என்ற யோசனைக்கு ஒரு வரி போதும். அது கையின் வலியைக் குறைக்கும், கம்பியின் வலியைக் குறைக்காது.

சுக்கான் பழுது ஆழ்கடலில் என்ன செய்யும் என்பதற்கு நம் கண்முன்னே ஓர் உதாரணம் உண்டு. இந்தியக் கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றிய தாரிணி பாய்மரப் படகு, 2018இல் பயணத்தின் கடைசிக் கட்டத்தில் சுக்கான் இயக்க அமைப்பு பழுதாகி மொரீசியஸின் போர்ட் லூயிஸ் துறையில் ஒதுங்க வேண்டியிருந்தது. அது புதுப் படகு, நன்றாகப் பராமரிக்கப்பட்ட படகு, தேர்ந்த குழு. கோவாவை அவர்கள் பத்திரமாக அடைந்தார்கள். அப்படிப்பட்ட படகையே இந்த அமைப்பு துறைக்குத் திருப்ப முடியுமென்றால், நாற்பது வயதுப் படகில் 100 கிலோ இழுவிசையைத் தினமும் கம்பியில் சுமத்திக்கொண்டு, பழசென்றால் அப்படித்தான் என்று சமாதானம் சொல்வது மன்னிக்கத்தக்கதல்ல.

என் தீர்ப்பு இது. கையை விட்டதும் சக்கரம் திரும்பினால் பாயைச் சுருக்குங்கள், படகில் கை வைக்காதீர்கள். நின்றால் கம்பியைக் கழற்றி இரு பாதிகளையும் பிரித்துப் பாருங்கள். மேல்பாதி என்றால் சுத்தம் செய்து எண்ணெய் இட்டு, அறுந்த வடத்தை மாற்றினால் முடிந்தது. கீழ்ப்பாதி என்றால், சிப்பி, பேக்கிங், வளைந்த தண்டு மூன்றையும் விலக்கிவிட்டு, சுக்கானை இறக்கி நைலானைத் தூக்கி எறிந்து, சற்றே தளர்வாகக் கடைந்த அசிட்டால் புஷ் போடுங்கள். நைலானைக் குடைவது கைக்காசு இல்லாத பருவத்துக்கான தற்காலிக வழி. உருளை பேரிங், இரண்டு பேரிங்குகளும் நேர்கோட்டில் இல்லாத படகுக்கு மட்டும்.

பழைய படகு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலை பேசுவதற்கு முன், துறையில் கட்டிய நிலையிலேயே சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நீங்களே திருப்பிப் பாருங்கள். கனத்தால், விற்பவரிடம் அவசரக் கைப்பிடியை எடுத்துவரச் சொல்லுங்கள்.